வரும் நேரம் கேட்காத படிவம்

கதிரவெளியில் கடலுக்கு இறங்குகிற ஆளைப் பார்த்து “எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாயால் சொன்ன நேரம் கடலின் காதில் விழுந்துவிடும் என்பது அங்குள்ள பேச்சு. எனக்கு இது தெரியாதென்று சொல்லித் தப்ப முடியாது. என் அக்கா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அப்போது எட்டு வருடம். தெரிந்துகொண்டேதான் நான் எழுதிய படிவத்தில் அந்தக் கேள்வியை வைத்தேன், அதுவும் நிரப்பாமல் தாண்ட முடியாதபடி.

நான் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இணையச் செயலிகள் எழுதுகிறவள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். அத்தான் வரவில்லை. “கல்லடியிலயும் கடல் இருக்குத்தானே தம்பி” என்று அம்மா கேட்டதற்கு, “அது வேற கடல் மாமி” என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா போனாள். அந்தக் கோபம் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது, மறைப்பானேன்.

அவர்களுடைய சின்ன மீனவர் சங்கத்தில் ஒரு கொப்பி இருந்தது. எந்த வள்ளம் எப்போது இறங்கியது, எப்போது கரைக்கு வந்தது என்று அதில் எழுதுவார்கள். மழைக்கு நனைந்து பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு விட்டன. அதைப் போனில் பதிகிற மாதிரி செய்து தரச் சொல்லி அத்தான்தான் கேட்டார். “மச்சாள், ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறீங்க. எங்களுக்கும் ஒண்டு எழுதித் தந்தா கை தேஞ்சிருமா?” என்றார். அவர் கேட்கிற விதமே அப்படித்தான். சிரித்துக்கொண்டே கேட்பார், மறுக்க வராது.

பதிகிறவர்கள் கரையில் இருக்கும் பெண்கள். வள்ளத்தில் போகிறவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள், உப்புத் தண்ணீர் பட்டுச் செத்த போன் அங்கே வீட்டுக்கு ஒன்று கிடக்கும். ஆகவே புருஷனோ தம்பியோ இறங்கியதும் வீட்டுப் பெண் பதிவாள். நான் இரண்டு பெட்டிகள் வைத்தேன்: இறங்கிய நேரம், திரும்பி வரும் நேரம். சொன்ன நேரம் தாண்டினால் சங்கத்துக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

முதல் கிழமை ஏழு நாளும் முடியப் பார்க்கலாம் என்று பஸ் ஏறிப் போனேன். கடற்கரையில் சங்கத்து வாடிக் கொட்டிலுக்குள், ஓலை நிழலில் இருந்து லப்டொப்பைத் திறந்தால், ஒரு பயணம்கூட இல்லை. வரிசை வரிசையாகப் பதிவுகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் “வெறுமை” என்று மட்டும் இருந்தது. தலையை நிமிர்த்தினேன். உச்சி வெயிலில் கடல் பளபளத்துக்கொண்டிருந்தது, தூரத்தில் இன்னும் திரும்பாத நாலைந்து வள்ளங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தன. திரையைக் குனிந்து பார்த்தால் ஒருவரும் போகவில்லை.

அங்கே நின்ற பெண்களைப் பதிந்து காட்டச் சொன்னதும் காரணம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. பெண்கள் இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தைப் போட்டிருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு இறங்கினார், காலை ஐந்து மணிக்குத் திரும்பினார்.

“ஏன்கா இப்பிடிச் செய்தீங்க?” என்று கேட்டேன்.

“மறுகா என்ன செய்யிற?” என்றாள் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. “வாற நேரத்தை எங்கட வாயால சொல்லேலாது. நீ விடாமக் கேக்கிறாய். எழுதக்குள்ளயே வந்திட்டார் எண்டு வெச்சிட்டா நல்லதுதானே புள்ள?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவர்களுடைய யோசனையில் பிழை இல்லை. பிழை நான் தெரிந்தெடுத்த பெட்டியில் இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

நான் எழுதுவது ஜாங்கோ என்ற மென்பொருள் சட்டகத்தில். அதில் ஒரு பதிவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மாதிரி ஒன்று எழுதி வைப்போம்: இது பெயர், இது எண், இது தேதி. இந்த வகைகள் எந்தத் தரவுத்தளத்திலும் ஓடும். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு மட்டுமே உரிய சில வகைகள் இருக்கின்றன. அதில் ஒன்று வீச்சு. தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் இரண்டாக வைக்காமல், நடுவில் உள்ள காலம் முழுவதையும் ஒரே பொருளாக வைத்துக்கொள்ளும். “இந்த நிமிடம் எந்த வள்ளம் கடலில்?” என்று ஒரே கேள்வியில் கேட்கலாம். அதைவிட, ஒரே வள்ளத்தின் இரண்டு பயணங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழக் கூடாது என்று தரவுத்தளத்துக்கே கட்டளை போடலாம். கடலில் இருக்கிற வள்ளம் கரையிலிருந்து மறுபடி இறங்க முடியாதல்லவா? என்னோடு வேலை செய்கிற கொழும்புக்காரர், “அந்த வகையெல்லாம் வேண்டாம் தங்கச்சி. பிறகு வேற தரவுத்தளத்துக்கு மாற ஏலாம அதோட கட்டுப்பட்டுப் போவீங்க” என்றார். நான் எங்கே கேட்டேன்? எனக்கு அதன் அழகில் மயக்கம்.

தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் ஒன்றானால் அந்த வீச்சுக்குள் எதுவுமே இல்லை. அப்போது போஸ்ட்கிரெஸ் அதை வெறுமை என்று வைத்துவிடும். எப்போது தொடங்கியது என்பதைக்கூட நினைவில் வைக்காது. அதன் கணக்கில் ஆள் போகவே இல்லை.

சரி, நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்றால் நான் கேட்கவில்லை என்று வரும் நேரப் பெட்டியைத் தூக்கினேன். இரண்டு பொத்தான்கள் வைத்தேன். ஒன்று “இறங்கியாச்சு.” மற்றது “வந்தாச்சு.” முதலாவதை அமத்தினால் வீச்சு தொடங்கும், முடிவு திறந்தே கிடக்கும். வள்ளம் வந்ததும் இரண்டாவதை அமத்தினால் முடிவு விழும், உடனே வீட்டாரின் போன்களுக்கு ஒரு மெசேஜ் போகும்: “உங்கள் வள்ளம் கரைக்கு வந்தாச்சு.” அத்தானுடைய வள்ளத்தின் பட்டியலில் அக்காவின் எண்ணோடு என் எண்ணையும் சேர்த்துக்கொண்டேன், சோதித்துப் பார்ப்பதற்காக. பிறகு எடுக்கவில்லை. தினமும் காலை பத்து மணிபோல் அந்த மெசேஜ் வரும். வந்ததும் நான் எழும்பிப் போய் இரண்டாவது தேத்தண்ணி போடுவேன்.

பெண்களுக்கு இந்தப் பொத்தான் பிடித்துப்போயிற்று. அதற்கு அவர்களே ஒரு விதியும் போட்டுக்கொண்டார்கள். வள்ளம் தூரத்தில் தெரிந்தால் அமத்த மாட்டார்கள். அடி மணலில் உரசி, ஆள் தண்ணீருக்குள் கால் வைத்து இறங்கி, முகத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் “வந்தாச்சு.”

அடுத்த கச்சான் காலத்தில் ஒரு நாள் எனக்கு மெசேஜ் வரவில்லை. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. என்ஜின் நின்றுபோனால் அது வள்ளத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். அத்தான் தனியாகப் போயிருந்தார். தேடினார்கள். எல்லா வள்ளமும் போயிற்று, கடற்படையும் தேடியது. நீரோட்டம் இழுத்துப்போய், எட்டாம் நாள் வள்ளம் வடக்கே ஒரு மணல்திட்டில் ஏறிக் கிடந்தது. வலை மடித்தபடி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஆள் இல்லை.

உடல் கிடைக்காததால் அக்கா எதற்கும் சம்மதிக்கவில்லை. பொட்டை எடுக்கவில்லை, செத்தவருக்குச் செய்யும் சடங்குச் செலவுகள் ஒன்றும் செய்ய விடவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் வழக்கம்போல் பள்ளிக்கு அனுப்பினாள். போனை மட்டும் கடல் பக்கத்து ஜன்னலில் சாத்தி வைத்திருந்தாள்.

என் திரையில் அவருடைய வீச்சு திறந்தே கிடந்தது. “இப்போது கடலில்” என்ற பட்டியலில் மற்ற வள்ளங்கள் காலையில் வரும், பத்து மணிக்குப் போகும். அவருடைய வரி போகாது. பக்கத்தில் எத்தனை நாள் என்று ஓடிக்கொண்டிருக்கும். நான்தான் அந்தக் கணக்கை வைத்தேன், நன்றாக இருக்கும் என்று. ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லை, ஃபான் சத்தம் மட்டும். என்ன பேய் பிடித்ததோ, தேதிப் பெட்டியில் அடுத்த வருடத்தைப் போட்டுக் கேட்டேன், கடலில் யார் என்று. அவர். பத்து வருடம் தள்ளிப் போட்டேன். அவர். இரண்டாயிரத்து முந்நூறாம் ஆண்டு தை மாதம் முதலாம் தேதி என்று போட்டேன். அப்போது நான் இல்லை, அக்கா இல்லை, அவள் பிள்ளைகளின் பிள்ளைகளும் இல்லை. “கடலில் உள்ள வள்ளங்கள்: ஒன்று” என்று வந்தது.

இரண்டு சாதாரணத் தேதிப் பெட்டிகள் வைத்திருந்தால் அந்த இடம் வெறுமனே காலியாக இருந்திருக்கும். தெரியாது என்று அர்த்தம். வீச்சில் முடிவு இல்லாவிட்டால், முடிவே இல்லை என்று அர்த்தம். கொழும்புக்காரர் கட்டுப்பட்டுப் போவீர்கள் என்று சொன்னது இதை அல்ல. ஆனாலும் அவர் குரல்தான் காதில் கேட்டது. லப்டொப்பை மூடிவிட்டு வாசலுக்குப் போய் வெயிலில் நின்றேன்.

மாதங்கள் போயின. அத்தானின் தம்பி வள்ளத்தைத் திருத்தி என்ஜினைச் சரிபண்ணினார். அவர் தொழிலுக்குப் போனால்தான் அக்கா வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலைமை. அத்தானுக்குப் பிறகு சங்கத்தில் விதியை இறுக்கிவிட்டார்கள், பதிவில்லாமல் ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது. முதல் நாள் விடியற்காலை தம்பி வள்ளத்தோடு நிற்க, அக்கா “இறங்கியாச்சு” அமத்தியிருக்கிறாள். சிவப்பில் ஒரு வரி வந்திருக்கிறது: “இந்த வள்ளம் ஏற்கனவே கடலில் இருக்கிறது.”

அந்த வசனம் நான் எழுதியதுதான். எழுதும்போது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். வள்ளம் அவள் கண் முன்னால் மணலில் இருந்தது.

சங்கத்துச் செயலாளர் அம்மா எனக்குப் போன் எடுத்தார். “அந்தப் பழைய பயணத்த மூடி விடு மகள். இல்லாட்டி அந்த வீடு பட்டினிதான்.”

அக்காவிடம் கேட்டேன். “வந்தாச்சு அமத்து அக்கா. ஒரு அமத்துத்தானே?”

“வராத ஆள வந்ததெண்டு அமத்தச் சொல்றியா?”

“அது கொம்பியூட்டருக்குத்தான் அக்கா. மனுசருக்கு இல்ல.”

“எனக்கு ஏலாது புள்ள. நான் காணேல்ல.”

எனக்குப் பொறுமை குறைவு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை கல்லடியில் இருந்தபடியே நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வள்ளம் மணல்திட்டில் கிடந்த அந்த எட்டாம் நாளை முடிவாகப் போட்டுச் சேமித்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று கதிரையில் சாய்ந்தேன்.

மேசையில் என் போன் அதிர்ந்தது. “உங்கள் வள்ளம் கரைக்கு வந்தாச்சு.”

ஐயோ. முடிவு விழுந்தால் மெசேஜ் போகும். யார் போட்டாலும் போகும். நான்தான் அப்படி எழுதினேன். நாசமாய்ப் போக என் கெட்டிக்காரத்தனம்!

அக்காவுக்கு எடுத்தேன், எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். ஐந்தாவது தரம் எடுத்தாள். பின்னால் காற்றும் அலையும் இரைந்தன, அவளுக்கு மூச்சு வாங்கியது.

“வந்திட்டாராம் புள்ள. மெசேஜ் வந்திருக்கு. கரையில காணேல்ல. எந்தக் கரையாம்? உனக்குத் தெரியுமா? நீதானே எழுதின, எந்தக் கரை எண்டு பாத்துச் சொல்லன்!”

“நான் வாறன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் இருந்த அந்த நேரம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு வெந்து முடிந்திருந்தது. பாய் போட்டு, ஒரு சோற்றுக் கோப்பை கழுவி, தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் வைத்திருந்தது. அத்தான் உடுத்துகிற சாரன் ஒன்று மடித்து வைத்திருந்தது. அக்கா கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். உச்சி வெயில், கரையில் ஒரு குருவி இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

“அக்கா, நான்தான் மூடின. அவர் வரேல்ல.”

இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீருக்குள் அப்படியே குந்திவிட்டாள். சேலை மிதந்தது.

“காலையில இருந்து இவ்வளவு நேரமும் எனக்கு அவர் இருந்தார். இப்ப திரும்பவும் இல்ல. நீ அவர ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டாய்.”

நானும் பக்கத்தில் தண்ணீரில் குந்தி அழுதேன்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றிய பிறகு அவளே சொன்னாள், “வள்ளம் வந்தது உண்மை. நான் கண்டன். அத மூடு. அவர் வரேல்ல. அத ஏன் மூடின?”

என் மாதிரியில் வள்ளமும் ஆளும் ஒரே பயணமாக இருந்தார்கள். அங்கே பேச்சிலும் அப்படித்தான், வள்ளம் வந்துவிட்டது என்றால் ஆள் வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். நானும் யோசிக்கவில்லை. அன்றே அக்கா வீட்டுப் பாயில் இருந்து எல்லாவற்றையும் பிரித்து எழுதினேன். வள்ளத்துக்கு ஒரு வீச்சு, போகிற ஒவ்வோர் ஆளுக்கும் தனியாக ஒரு வீச்சு. மெசேஜும் இனி ஆளுக்குத்தான், என் எண்ணை அத்தானுடைய பட்டியலில் மட்டும் விட்டேன். வள்ளத்தினுடையது எட்டாம் நாளில் முடிந்தது. அத்தானுடையதைப் பழையபடி திறந்து விட்டேன்.

அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். “இனி இத ஆர் மூடலாம்?”

“நீ மட்டும்தான். உன்ட போன்ல இருந்து மட்டும்தான். நான்கூட ஏலாது, அப்பிடி எழுதியிருக்கன்.”

“நான் செத்தா?”

“அப்பிடியே கிடக்கும் அக்கா.”

“எவ்வளவு காலத்துக்கு?”

இரண்டாயிரத்து முந்நூறைப் போட்டுக் காட்டினேன். அவள் அந்த ஒற்றை வரியைக் கனநேரம் பார்த்தாள். “நல்லது” என்றாள்.

மறுநாள் அத்தானின் தம்பி அதே வள்ளத்தில் இறங்கினார். பதிவு ஒரு மறுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அக்கா வாழத் தொடங்கினாள் என்று சொல்லலாம். காலையில் தம்பி கரைக்கு வந்ததும் “வந்தாச்சு” அமத்துவாள், மீன் பிரிப்பாள், பிள்ளைகளுக்குத் தலை பின்னுவாள். போன் ஜன்னலிலேயே இருந்தது. நான் ஒவ்வொரு மாதமும் போய் வருவேன். எங்களுக்குள் அந்த நாளைப் பற்றிக் கதைப்பதில்லை.

போன கச்சான் காலம். மத்தியானம் பன்னிரண்டு மணி கழிந்திருக்கும். கல்லடியில் காற்று மணலை அள்ளி ஜன்னலில் போட்டுக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது.

“உங்கள் ஆள் கரைக்கு வந்தாச்சு.”

அத்தானின் தம்பி கரைக்கு வருகிற மெசேஜ் எனக்கு வராது. என் எண் இருந்தது ஒரே ஒருவருடைய பட்டியலில். எழுதியவள் நான். அக்காவின் போனைத் தொடுகிற யார் வேண்டுமானாலும் அந்தப் பொத்தானை எந்த நேரமும் அமத்தலாம், கடலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். எச்சில் கையோடு வாசலுக்கு ஓடி, கேற்றைத் திறந்து, வீட்டு முன் ஒழுங்கை முடியும் இடத்தில் தெரிகிற கடலைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நான் தேடினேன், எந்தக் கரை என்று. அன்று அவளுக்கு என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

உள்ளே வந்து லப்டொப்பைத் திறந்தேன். அவருடைய வரி “இப்போது கடலில்” பட்டியலில் இல்லை. வீச்சுக்கு முடிவு விழுந்திருந்தது, பன்னிரண்டு மணி ஏழு நிமிடம். இரண்டாயிரத்து முந்நூறைப் போட்டுப் பார்த்தேன். கடலில் ஒருவரும் இல்லை.

அக்காவுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அக்கா, கை பட்டுட்டா? மறுகா திறந்து விடட்டா?”

“இல்ல புள்ள. நான்தான் அமத்தின.” அவள் குரல் நிதானமாக இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. “கண்ணால கண்டுட்டுத்தான் அமத்தின. முழங்கால் தண்ணிக்குள்ளால நடந்து வந்தார். நல்லா இளைச்சிப் போனார்.”

எனக்குச் சொல்ல வேண்டியவை எத்தனையோ இருந்தன. பிள்ளைகள் எங்கே, தம்பி எங்கே, பக்கத்து வீட்டில் யாரிடமாவது போனைக் கொடு. அதெல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது.

“சாப்பிட்டாரா அக்கா?” என்று கேட்டேன்.

“ஓம். சாப்பிட்டுப் படுத்திருக்கார். மெல்லமாக் கதை.”

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.